வெல்லத் தண்ணீர் குடித்த வண்டி

குணசீலனின் பழைய டீசல் அம்பாசிடருக்குக் குளிர் ஆகாது. வெயில் காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்கும். சாவியைத் திருப்பினால் ஒரு தடவை இருமிவிட்டுக் கிளம்பிவிடும். கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால் போதும், இல்லாத நோவெல்லாம் அதற்கு வந்துவிடும். எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரைப் போட்டு, காத்திருந்து, சாவியைத் திருப்பி, மறுபடியும் ஹீட்டர் போட்டு, அதற்குள் பேட்டரி களைத்துப்போய், கடைசியில் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கும். தள்ளுவதும் லேசில்லை. அவன் கோழிப்பண்ணை இருக்கும் புதுச்சத்திரம் பக்கத்துப் பூமி தோசைக்கல் மாதிரி தட்டை. அவன் மனைவி தனப்பிரியாவின் பிறந்த வீடு ஏற்காட்டு மலையடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறது. அங்கே பிரேக்கை விட்டதும் வண்டி தானாக உருண்டு, தெருமுனை தாண்டுவதற்குள் உயிர் பிடித்துவிடும்.

"மாமனார் ஊட்டுக்குப் போனா மட்டும் மகராசனாட்டம் கெளம்புது பாரு" என்பான் குணசீலன்.

அவன் முட்டைக்கோழிக் குஞ்சு வளர்ப்பவன். குளிரில் நடுங்குகிற எதற்கும் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: மேலே ஒரு பல்பைக் கட்டித் தொங்கவிடுவது. பொரித்த மறுநாள் வந்து இறங்கும் குஞ்சுகளுக்குத் தகரக் குடைக்கு அடியில் பல்புகளைக் கட்டிச் சூடு கொடுப்பார்கள். புரூடர் என்று பேர். அந்தப் பல்பில் ஒன்றைக் கழற்றி வந்து ராத்திரி முழுக்க பானட்டுக்கு அடியில் எரியவிட்டு, மேலே சாக்கைப் போர்த்தி வைத்தான் குணசீலன். விடியற்காலையில் எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது. அன்றிலிருந்து குளிர் காலம் முழுக்க அதற்குப் பல்பும் போர்வையும்தான்.

"கட்டுன பொண்டாட்டிய ஒரு நாளாவது இப்பிடிப் போத்தி உட்டிருக்கீங்களா?" என்று தனப்பிரியா கேட்டாள்.

"உன்னையக் கெளப்பறதுக்குப் பல்பு எதுக்கு புள்ள, காப்பி வாசமே போதுமே" என்றான் அவன்.

வண்டியை விற்றுவிடச் சொல்லி அவள் கார்த்திகையில் ஆரம்பிப்பாள். பங்குனி வெயில் வந்ததும் மறந்துவிடுவாள். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது.

இந்தத் தையில் அவள் தம்பி மோகன்குமாருக்குக் கல்யாணம் கூடிவந்தது. லேசில் கூடிய கல்யாணம் இல்லை. அவன் காதோரம் நரைக்கிற வரைக்கும் பெண் தேடினார்கள். பெண் பார்க்கப் போன இடத்துக்கெல்லாம் இந்த வண்டியில்தான் தனப்பிரியா போனாள். எந்த ஊரில் யார் வீட்டுப் பலகாரம் நன்றாக இருக்கும், எந்த வீட்டில் காப்பி ஆறிப்போய் வரும் என்று சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்துக்கும் அவளால் சொல்ல முடியும். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது தம்பி பின் சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

அதனால்தான் இணைச்சீர் அவளுக்கு அத்தனை பெரிதாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடக்கும். மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் தானும் ஒரு மணப்பெண் போல அலங்காரம் செய்துகொண்டு, மூடி போட்ட மூங்கில் கூடையைத் தலையில் சுமந்து வருவாள். கூறைச்சேலையின் ஒரு நுனியை அவன் பிடிக்க, மறு நுனியை அவள் பிடிக்க, அருமைக்காரர் சீரை நடத்தி வைப்பார். கூடப் பிறந்தவள் வராவிட்டால் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ அந்த இடத்தில் நிற்கலாம். கல்யாணம் ஒன்றும் நின்றுவிடாது. தான் இல்லாமலும் அது நடந்துவிடும் என்பதைத்தான் தனப்பிரியாவால் பொறுக்க முடியவில்லை.

சோதனைபோல, புரட்டாசியிலேயே சொல்லி வைத்திருந்த குஞ்சுகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து இறங்கின. குஞ்சு இறங்கின முதல் ராத்திரி தனப்பிரியா பண்ணையில் இல்லாமல் இருந்ததே கிடையாது. சாயங்காலம் சேலத்தில் மண்டபத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பக் கிளம்பினாள்.

"விடியாலக் காரும் டிரைவரும் அனுப்பட்டா சாமி?" என்று அவள் அப்பா சுப்பையன் கேட்டார்.

பக்கத்தில் பெரியப்பா மகள் சௌந்தர்யா நின்றிருந்தாள். "அவொ குஞ்சப் பாக்கட்டும் சித்தப்பா. இணைச்சீருக்கு நான் நின்னுக்கறேன்" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

"ஒண்ணும் வேண்டாங்கப்பா. எங்க வண்டி இருக்குதில்ல" என்று தனப்பிரியா வெடுக்கென்று சொல்லிவிட்டாள். நாள் தவறாமல் தான் திட்டுகிற வண்டியை அடுத்தவர் முன்னால் விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

ஆறரைக்கு இணைச்சீர். ஒரு மணி நேரப் பயணம். இருட்டோடு எழுந்து, குளித்து, பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, வண்டியின் பானட் திறந்து கிடந்தது. பல்பும் சாக்கும் கழற்றிக் கீழே கிடந்தன. பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. குணசீலனைக் காணவில்லை.

அவள் குஞ்சுக் கொட்டகைக்கு ஓடினாள். வாசலில் பண்ணையில் வேலை செய்யும் ஆராயி அடுப்பில் அண்டாவை வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"நடுச்சாமத்துல கொட்டகைக்கு வர்ற லைன்ல கரண்டு போயிருச்சுங்க அம்மிணி. இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரத்துல உசுர உட்டுருச்சு. கரியடுப்பு மூட்டலாம்னா கரி நனைஞ்சு கெடக்குது, ஒரே பொகை. குணசீலன் தம்பிதான் கார் பேட்டரியக் கழட்டியாந்து இன்வெர்ட்டருல மாட்டுனாரு. கரண்டு இப்பத்தானுங்க வந்துச்சு."

தனப்பிரியா உள்ளே எட்டிப் பார்த்தாள். குளிர் பட்டால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் செத்துப்போகும். இப்போது அவை குவியவில்லை. தகரக் குடையைச் சுற்றிப் பரவலாக, மஞ்சள் மஞ்சளாக, கீச்சுக்கீச்சென்று தீனி பொறுக்கிக்கொண்டிருந்தன. முன்னிரவு அவள் காவல் இருந்துவிட்டுத் தூங்கப் போகும்போது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஓரமாக இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் குந்தி, குணசீலன் வயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தான். கண் சிவந்து, தலையெல்லாம் கொட்டகைத் தரையில் பரப்பிய உமியாக இருந்தான்.

"அஞ்சு நிமிசம் புள்ள. மாட்டிக் கெளப்பிரலாம்" என்றான்.

அவன் செய்தது தப்பு என்று சொல்ல முடியாது. அது தப்பாக இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டு முடித்திருப்பாள். நியாயமில்லாத கோபம்தான் போக்கிடம் தெரியாமல் நெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்ளும். தன்னை ஒரு வார்த்தை எழுப்பிக் கேட்கவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, அவள் பேசாமல் திரும்பி நடந்தாள்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். ஹீட்டர் சூடாகிற அளவுக்குக்கூட அதில் கரண்ட் மிச்சமில்லை. பல்பு அணைந்து வெகு நேரமானதால் எஞ்சினும் பனியில் கிடந்த அம்மிக்கல்லாகச் சில்லிட்டிருந்தது. வீட்டிலிருந்த ஒரே பைக்கை, குணசீலனின் அப்பா இவர்கள் மகளை ஏற்றிக்கொண்டு நேற்றே மண்டபத்துக்கு ஓட்டிப் போயிருந்தார். டிராவல்ஸ்காரர்களுக்குப் போன் போட்டால், "முகூர்த்த நாளுங்க்கா, ஒரு வண்டியும் இல்லீங்க" என்றார்கள். சேலத்திலிருந்து கார் வந்து ஏற்றிக்கொண்டு திரும்புவதற்குள் தாலியே கட்டி முடிந்திருக்கும்.

தள்ளினார்கள். ஆராயியும் அவள் புருஷன் கந்தனும் பின்னால் கை கொடுத்தார்கள். தனப்பிரியாவும் பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினாள். தட்டைப் பூமியில் வண்டி ஆடி அசைந்து நகர்ந்து, கியர் விழுந்ததும் 'களுக்' என்று நின்றது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி 'களுக்'.

"இரு இரு" என்று குணசீலன் இறங்கி ஓடினான். எஞ்சின் சூடானால் கிளம்பிவிடும், எஞ்சினைச் சூடாக்க ரேடியேட்டரில் சுடுதண்ணீர் ஊற்றினால் போதும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ரேடியேட்டரில் இருந்த சில்லென்ற தண்ணீரைத் திறந்துவிட்டான். ஆராயியின் அடுப்பிலிருந்த அண்டாவைத் துணி போட்டுப் பிடித்துத் தூக்கி வந்து, குடம் குடமாக மொண்டு ஊற்றினான். ஆவி குபுகுபுவென்று எழும்பியது. பொங்கல் வைத்த வீட்டு வாசம் அடித்தது.

ஆராயி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அய்யோ தம்பி, அது குஞ்சுக்கு வெல்லம் கரைச்சு வெச்ச தண்ணிங்க!"

பயணக் களைப்புத் தீர, புதுக் குஞ்சுகளுக்கு வெல்லத் தண்ணீர்தான் கொடுப்பார்கள். அது குணசீலனுக்குத் தெரியாததா? குஞ்சு இறங்கும்போதெல்லாம் அவனே கரைப்பவன். காலிக் குடத்தை மோந்து பார்த்தான். பிறகு, "ஒரு நாள் வயசுக் குஞ்சே குடிக்குது. இது குடிச்சா ஆகாதா?" என்று மூடியைத் திருகி மூடினான்.

தனப்பிரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமாக இருப்பதால் அதை விழுங்கிவிட்டு மறுபடி வண்டியைத் தள்ளப் போனாள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துப் பண்ணையிலிருந்து முட்டை ஏற்றிக்கொண்டு டிரைவர் பூபதியின் லாரி வந்தது. சேலம் வழியாகப் பெங்களூர் போகிற லாரி. பட்டுச் சேலையில் ஒரு பெண் கார் தள்ளுவதைப் பார்த்ததும் பூபதி நிறுத்தினான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"கயிறு கட்டி இழுக்கறனுங்க. ஆனா மெதுவாத்தான் இழுப்பேன். வெடுக்குனு இழுத்தா உள்ள அத்தனையும் ஆம்லெட்டு. பைபாஸ் ஏறுற வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள உசுரு வரலீன்னா அக்கா லாரியில ஏறிக்கட்டும், மண்டபத்துலயே எறக்கி உட்டர்றேன். நீங்க காரோட இருந்துக்கோங்க. பைபாஸ்ல கயித்தக் கட்டி இழுக்க மாட்டேன்."

"அதுதான் சரி" என்றான் குணசீலன் உடனே. "இப்பவே ஏறிக்க புள்ள. எதுக்கு வம்பு?"

அவள் லாரியைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தால் தம்பியின் பக்கத்தில் நிற்பது நிச்சயம். ஆனால் மண்டபத்து வாசலில் முட்டை லாரியிலிருந்து தனியாளாக இறங்க வேண்டும். சௌந்தர்யா கேட்பாள், எல்லோரும் கேட்பார்கள். குஞ்சையும் வண்டியையும் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காத மனிதனை ரோட்டோரம் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வேண்டும். கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காக அவனை அப்படி விட்டுவிட அவளுக்குப் பிடிக்கவில்லை. காரின் முன் கதவைத் திறந்து உட்கார்ந்து, நேராகப் பார்த்துக்கொண்டு, "பைபாஸ் வரைக்கும்" என்றாள். காலையிலிருந்து அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

லாரி நகர்ந்தது. கயிறு விறைத்தது. கார் ஒரு குலுங்கு குலுங்கிப் பின்னாலேயே போனது. குணசீலன் கியரைப் போட்டு கிளட்சை விட்டான். களுக். மிதித்தான். விட்டான். களுக், களுக். புகைகூட வரவில்லை. சோளக்காட்டைத் தாண்டினார்கள். கோயிலைத் தாண்டினார்கள். தூரத்தில் பைபாஸ் விளக்குகள் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தன.

"வா சாமி. வந்துரு சாமி" என்று குணசீலன் ஸ்டீரிங்கைத் தடவினான்.

தனப்பிரியாவின் கை தானாகவே டாஷ்போர்டுக்குப் போனது. இந்தக் கட்டைவண்டியிடம் போய்க் கெஞ்சுவதா என்று இருந்தது. கெஞ்சினாள். வாய்விட்டு இல்லை, மனசுக்குள். தம்பி அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தான் என்று அதற்குத் தெரியாதா? இன்றைக்கு ஒரு நாள் அவனுக்காகவாவது கிளம்பக் கூடாதா?

எஞ்சின் ஒரு தடவை உதறியது. பின்னால் கறுப்பாகக் கொஞ்சம் புகை. மறுபடி உதறியது. லாரியின் பிரேக் விளக்குகள் சிவந்தன. பைபாஸ் முனை வந்துவிட்டது. குணசீலன் கிளட்சை இன்னொரு தடவை விட்டான். தடதடவென்று வண்டி முழுக்க ஆட, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"வந்துருச்சுங்க! வந்துருச்சு!" என்று கத்தியவள் தனப்பிரியாதான். கோபத்தில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது. பூபதி இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினான்.

"என்னுங்க இது, காருக்குள்ள பாயாசம் வெச்சிருக்கீங்களா?"

சேலம் வரைக்கும் அந்த வாசம் கூடவே வந்தது. குணசீலன் எங்கேயும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. நின்றால் மறுபடி கிளப்ப முடியாது என்று சிக்னலில்கூட உறுமவிட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்தில் நின்ற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மண்டபத்தில் அருமைக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "நேரமாச்சு சாமி. இருக்கற பொண்ண நிறுத்துங்க" என்று அவர் சொல்லி, சௌந்தர்யாவுக்குப் பூச்சூடி, கூடையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த மோகன்குமார் யாரையும் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாசலில் தனப்பிரியா வந்து நின்றாள். நெற்றியில் கரி, சேலை ஓரத்தில் மண், மூச்சு வாங்கியது.

சௌந்தர்யா கூடையை அப்படியே அவள் தலையில் ஏற்றினாள். "உனக்காகத் தூக்கித்தான் வெச்சிருந்தேன் புள்ள. அடியே, என்ன உம்மேல வெல்ல வாசம்?" என்று கிசுகிசுத்துக்கொண்டே, தன் முந்தானையால் அவள் நெற்றிக் கரியைத் துடைத்துவிட்டாள். கேலிக்காரிதான், ஆனால் நல்லவள்.

கூறைச்சேலையின் நுனியை அருமைக்காரர் அவள் கையில் கொடுத்தார். மறு நுனி மோகன்குமாரின் கையில் இருந்தது. அவன் அவளைப் பார்த்து, "நீ வாராம நான் சீருக்கு எந்திரிச்சிருக்க மாட்டேங்க்கா" என்றான் மெல்ல. அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இத்தனை வருஷம் தேடிய கல்யாணத்தை அவன் எப்படி நிறுத்துவான்? ஆனாலும் அந்தப் பொய் அவளுக்கு இனித்தது. சேலை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பித்த பிறகுதான் குணசீலனைத் தேடினாள். மண்டபத்துப் பின்பக்கம், எஞ்சினை நிறுத்திவிட்டு, பானட்டைத் திறந்து வைத்து, குழாயில் பைப்பை மாட்டி ரேடியேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். கீழே ஓடிய தண்ணீரில் எறும்பு மொய்க்க ஆரம்பித்திருந்தது. புது வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. தாலி கட்டும்போது வந்து அட்சதை போட்டுவிட்டு உடனே திரும்பியிருக்கிறான்.

அவள் கொண்டு வந்த காப்பியை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"நடுச்சாமத்துல என்னைய ஏனுங்க எழுப்பல?" என்று கேட்டாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கேள்வி அது. கேட்டபோது அதில் சூடு குறைந்திருந்தது, ஆனாலும் கேள்வி கேள்விதான்.

குணசீலன் காப்பியை ஒரு வாய் குடித்தான். "எழுப்பியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

அவள் யோசித்தாள். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. குஞ்சுகள் குவிகிறதைப் பார்த்த அடுத்த நொடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடியிருப்பாள்.

"நீயே கழட்டிக் குடுத்திருப்பே" என்றான் அவன். "அப்பறம் இணைச்சீருக்குப் போக முடியாமப் போயிருந்தா, காலம் பூரா உம்மேலயே உனக்குக் கோவமா இருந்திருக்கும். அதுக்கு எம்மேல இருந்துட்டுப் போகட்டும்னுதான் எழுப்பல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதன் தன்னை எத்தனை தடவை எழுப்பாமல் விட்டிருக்கிறானோ, எத்தனை கோபத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டிருக்கிறானோ என்று தனப்பிரியா நினைத்துப் பார்த்தாள். காலையெல்லாம் முறைத்துக்கொண்டு வந்ததற்கு வெட்கமாக இருந்தது. அவன் தலையில் ஒட்டியிருந்த உமியை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"அடுத்த தடவ எழுப்புங்க" என்றாள். "ரண்டு பேருஞ் சேந்து கழட்டலாம். கோவத்த ஆளுக்குப் பாதியா வெச்சுக்கலாம்."